‘குடும்ப வழக்கு’ என்று எழுதியிருந்த தாள்: எல்லையோர ஊரில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர் ஒன்றில், முப்பத்தொரு வயதுப் பெண் ஒருவர் அயல்கூட்டம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழுவுக்கு வாராந்தரச் சேமிப்பைக் கட்ட வந்தார். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்றார். ஆஷா பணியாளர் (ஊரின் சுகாதாரப் பணியாளர்) அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மிடறு விழுங்குவதற்கு அந்தப் பெண் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்களை இறுக மூடிக்கொண்டார். “சளிக்கு இப்படி வலிக்காது அம்மிணி” என்று ஆஷா அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. கையிலிருந்த சேமிப்புப் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இந்தப் பகுதியின் தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலராக இருப்பவள். அன்று மாலை ஆஷா என்னைத் தேடி வந்தார். அதற்குப் பிறகு நடந்தவற்றையும், அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நடந்து நாங்கள் யாரும் சரியாகப் படிக்காமல் விட்டவற்றையும் அந்தப் பெண்ணின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இருமுறை படித்துக் காட்டினேன்; ஓரிடத்தை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்து ஊர்களில் வீட்டிலும் தோப்பிலும் கோயிலிலும் பேசுவது தமிழ். அலுவலகங்களில் எழுதுவது மலையாளம். 1956இல் மாநில எல்லை இப்போதுள்ளபடி அமைந்த பிறகும், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு என்று எல்லைக்கு அப்பாலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தப் பெண்ணும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இங்கே வாழ வந்தவர். பேச்சு மலையாளம் ஓரளவு புரியும், எழுத்துப் படிக்கத் தெரியாது. இந்தச் சிறிய விவரம் பின்னால் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதை நான் அன்று உணரவில்லை.

கணவருக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, வீடு. இரண்டும் மாமனார் பெயரில் இருந்தன. கறவை மாடுகள் இரண்டு. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் அப்பா சீராகக் கொடுத்தது. விடியற்காலையிலும் மாலையிலும் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுபவர் அந்தப் பெண்தான். பாலின் கொழுப்பு அளவு அன்றன்று எவ்வளவு வந்தது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் உறுப்பினர் அட்டையும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில் இருந்தன. பாஸ்புக் பீரோவில், பீரோச் சாவி கணவரின் அரைஞாணில். ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தாமாக எடுத்ததில்லை. இதுவும் வன்முறைதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழி, பாலியல்வழி, சொல்லாலும் மனத்தாலும் செய்யப்படுவது ஆகியவற்றோடு பொருளாதார வன்முறையையும் தன் மூன்றாம் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. அடி விழுந்தால்தான் வன்முறை என்று நம்பியதால், அடி விழாத நாள்களையெல்லாம் அவர் நல்ல நாள்கள் என்று கணக்கு வைத்திருந்தார்.

கள்ளுதான் காரணம் என்று ஊரில் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்த மனிதர் குடித்துவிட்டுச் சொசைட்டிக்கும் போவார், கல்யாண வீட்டுக்கும் போவார். அங்கெல்லாம் யார் மேலும் கை வைத்ததில்லை. யாரை அடிக்கலாம், எங்கே அடித்தால் புடவைக்கு வெளியே தெரியாது என்பதெல்லாம் அவருக்குப் போதையிலும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் முதன்முறையாகக் கழுத்தை நெரித்தார். மறுநாள் அண்ணன் வந்து தங்கையை இங்குள்ள காவல் நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அவர் தமிழில் சொன்னதை அங்கிருந்தவர் கேட்டு, மலையாளத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அண்ணன் கேட்டபோது, “குடும்ப வழக்கு” என்று பதில் வந்தது. இருவரும் நிம்மதியாகக் கிளம்பினார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது, இனி நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, அவர் மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனார்.

தமிழில் வழக்கு என்றால் நீதிமன்றத்துக்குப் போவது. மலையாளத்தில் வழக்கு என்றால் வாய்ச்சண்டை. அந்தத் தாளில் எழுதியிருந்தது, குடும்பத்துக்குள் சச்சரவு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது மட்டுமே. கழுத்தை நெரித்த செய்தி அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. எழுதியவர் தீய எண்ணத்தோடு அப்படிச் செய்தார் என்று நான் கருதவில்லை. புருசன் பொண்டாட்டி விவகாரம் என்றால் கை தானாகவே எழுதிவிடும் வாசகம் அது. ஆனால் அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கும் நடுவே ஒரு பெண்ணின் உயிர் மூன்று மாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

புகார் கொடுப்பவர்களும் உடன் போகிறவர்களும் அறிந்திருக்க வேண்டியது, மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) வேறு என்பதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய வாய்மொழித் தகவலை எழுத்தில் பதிந்து, தகவல் தந்தவருக்குப் படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. படித்துக் காட்டுவது என்றால் அவருக்குப் புரியும் மொழியில் என்றுதான் பொருள் கொள்ள முடியும். மேலும், கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் தந்திருக்கிறது. தமிழில் எழுதித் தருகிறேன் என்று அன்று அண்ணன் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் அங்கே இல்லை.

தாய்வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். விசாரணைக்கு அழைப்பு எதுவும் வராததால், அங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் போய்க் கேட்டார்கள். சம்பவம் கேரளத்தில் நடந்தது, அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கே தொலைபேசியில் கேட்டபோது, இப்போது தமிழ்நாட்டில்தானே இருக்கிறீர்கள், அங்கே கொடுங்கள் என்றார்கள். நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு 1992இலிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்களை நடத்திவருகிறது. பெருமைப்படத்தக்க இந்த இரண்டு வரலாறுகளுக்கும் நடுவே, கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு தாயும் ஏழு வயது மகளும் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இரு இடத்திலும் சொன்னது தவறு. கணவன் வீட்டுக் கொடுமையால் வெளியேறிய பெண் எங்கே அடைக்கலம் புகுந்தாரோ, அந்த ஊரிலும் கொடுமை வழக்கைப் பதியலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டைவிட்டு வந்த பிறகும் அந்தக் கொடுமையின் மன வேதனை அவரோடேயே வந்துவிடுகிறது என்பது அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவாக இருந்தது இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. எல்லை யாருடையதானாலும் தகவலைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பும் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். முறையும் அதே 173ஆம் பிரிவில் இடம்பெற்றுவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் தெளிவானது: பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், வன்முறை நடந்த இடம் ஆகிய எதிலும் மனு செய்யலாம், பிறக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. எல்லையோரத்துப் பெண்களுக்காகவே எழுதியது போன்ற பிரிவு அது. அதை எல்லையோரத்தில்தான் யாரும் அறியவில்லை.

வழக்கும் இல்லை, போக்கிடமும் இல்லை என்ற நிலையில், கணவரின் பெரியப்பா முன்னிலையில் ஒரு பேச்சு ஏற்பாடாயிற்று. ஊரில் மரியாதையுள்ள டீச்சர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனேன். கணவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்: எதிர்த்துப் பேசினாள், அம்மாவை மதிக்கவில்லை, சொல்லாமல் அண்ணனுக்குப் போன் செய்தாள். நாங்கள் ஐந்து பேர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு பெரியப்பா அந்தப் பெண்ணிடம், “பொறுத்துப் போ கண்ணு, பொட்டப்புள்ளை இருக்கு” என்றார். நானும் அதற்கு ஒத்தாற்போல் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை, அவருக்கு நினைவிருக்கிறது. நான் நீக்கிய ஓரிடம் அதுதான். அதைச் சொல்லி என்னைக் குறைப்படுத்த வேண்டாம் என்றார்.

அந்தத் தவறை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2006இல் வகுக்கப்பட்ட விதிகள், நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பும்போதுகூட, வன்முறைக்குக் காரணம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்றும், அதைத் தொடக்கத்திலேயே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றும் சொல்கின்றன. அடித்ததற்குக் காரணம் கேட்டுவிட்டால், அந்தக் காரணத்தை நீக்கும் பொறுப்பு அடிபட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. அன்றைய பேச்சு முடிந்தபோது, கணவர் ஒன்றுக்கும் உறுதி தரவில்லை. மனைவிதான் மூன்று உறுதிகளைத் தந்திருந்தார்.

கார்த்திகையில் மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு அறுநூறு ரூபாய் கேட்டார், பால் பணத்திலிருந்து. அன்றிரவு கணவர் இரண்டாம் முறை கழுத்தை நெரித்தார். பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே, “உறைமோர் இருந்தா கொஞ்சம் குடுங்க, எங்க வீட்டுல தீந்துபோச்சு” என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டார். கதவு திறந்தது. கையில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தோடு உள்ளே வந்து, மோர் வாங்கிக்கொண்ட பிறகும் கால் மணி நேரம் எதை எதையோ பேசிக்கொண்டு, அந்தப் பெண் எழுந்து அடுப்படிக்குப் போகும்வரை நகராமல் நின்றிருக்கிறார். அவர் படித்தவர் அல்லர், எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்லர். இந்த நிகழ்வு முழுவதிலும் மிகச் சரியான செயலைச் செய்தவர் அவரே. பின்னர் சாட்சி சொல்ல வரும்போது தம்மேல் பழி வருமோ என்று அஞ்சினார். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மேல் உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு காக்கிறது என்பதை அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

கழுத்து நெரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியில் காயமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண்ணின் வெள்ளையில் சிறு சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்து நினைவு தப்பியிருத்தல் ஆகியவையே அடையாளங்கள். நாள்கள் கழிந்தும் ஆபத்து வரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். கணவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்காலத்தில் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஆஷா அந்தத் தம்ளர் தண்ணீரை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

ஆகஸ்டில் கணவரே தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், தொண்டைப் புண் என்று சொல்லி மாத்திரை வாங்கித் தந்திருந்தார். இம்முறை ஆஷா, தடுப்பூசி விவரம் கேட்பதற்கு என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கேரளத்தின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் வன்முறைக்கு ஆளானோருக்காக ‘பூமிகா’ என்ற மையம் இருக்கிறது. அங்கே செவிலியர் முதலில் செய்தது, உடன் வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொன்னது. மருத்துவர் கேட்டு எழுதியதில், யார், எதனால், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பதிவாயின. காவல் நிலையத்துத் தாளில் இல்லாத செய்தி முதன்முறையாக ஒரு தாளில் ஏறியது.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் கணவரின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 விழுக்காடு, கேரளத்தில் 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பக்கம் இதெல்லாம் குறைவு என்று என்னிடம் பலர் இந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். குறைந்த எண்ணுக்குள் இருப்பவரின் தனிமை இன்னும் கூடுதல். அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடு மட்டுமே. இந்தப் பெண் உதவி தேடியவர். தேடிப் போய்த் திரும்பி வந்தவர்.

பிறகு நாங்கள் அவசரப்படவில்லை. வீட்டை விட்டு வெளியேறும் நேரமே மிகுந்த ஆபத்தான நேரம் என்பதால், எந்த நாள், எந்தப் பேருந்து என்பதை அவரே முடிவு செய்தார். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் படிவம் 1இல் குடும்ப நிகழ்வறிக்கையையும், படிவம் 5இல் பாதுகாப்புத் திட்டத்தையும் அவரோடு உட்கார்ந்து நிரப்பினார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ஆதார், ரேஷன் அட்டை, மகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள் போயின. கைப்பேசியைக் கணவர் தினமும் பார்ப்பார் என்பதால் அதில் எந்த எண்ணையும் பதியவில்லை. மகளின் கணக்கு நோட்டில் மூன்று கூட்டல் கணக்குகள் எழுதிவைத்தார். விடைகள் 112, 181, 15100. அவசர உதவிக்கு முதலாவது, பெண்கள் உதவிக்கு இரண்டாவது, இலவசச் சட்ட உதவிக்கு மூன்றாவது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை. வெளியேறிய பின் ஐந்து நாள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘சகி’ என்ற அரசு மையத்திலும், அதன் பிறகு தாய்வீட்டிலும் தங்கினார்.

எந்தப் பக்கத்து நீதிமன்றம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. தாய்வீட்டுப் பக்கம் போட்டால் அவருக்கு அச்சமில்லாத இடம். கணவர்தான் அலைய வேண்டும். ஆனால் சாட்சி, மருத்துவப் பதிவு, மகளின் பள்ளி, வீடு, மாடுகள் எல்லாம் இந்தப் பக்கம். வழக்கறிஞர் இரண்டையும் விளக்கிவிட்டு அவரையே கேட்டார். “வீடு அங்கதானுங்க இருக்குது” என்று ஒரே வரியில் முடித்தார். மாமனார் பெயரிலுள்ள வீடாயிற்றே என்ற தடையைக் கணவர் தரப்பு எழுப்பியது. உறவினர் பெயரில் இருந்தாலும் வாழ்ந்த வீடு, பெண்ணுக்கு வசிக்கும் உரிமையுள்ள ‘பகிர்ந்து வாழ்ந்த வீடே’ என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால் அது எடுபடவில்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டம், மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது. எங்களுக்கு ஆறாம் நாள் கிடைத்தது. பாதுகாப்பு ஆணையும் வசிப்பிட ஆணையும் இடைக்காலமாகப் பிறந்தன. வீட்டின் முன்பகுதி அறையும் அடுப்படியும் அவருக்கு. அந்தப் பகுதிக்குள் கணவர் நுழையக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமியாரை வெளியேற்றச் சட்டம் இடம் தராது. அவர் பின்கட்டில் இருக்கிறார். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அதன் நகலைக் கையில் வாங்கியதும் அந்தப் பெண் என்னிடம் கேட்டது, “டீச்சர், இதுல எழுதியிருக்கறது எந்த வழக்கு?” என்பதுதான். எண்ணைக் காட்டி, அதைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

மகளுக்கும் அவருக்கும் மாதந்தோறும் தரச் சொன்ன தொகையை முதல் மாதம் தந்த கணவர், அடுத்த இரண்டு மாதமாகத் தரவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, எதிர்த்தரப்புக்குப் பணம் தர வேண்டிய முதலாளியையோ கடனாளியையோ அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பெண்ணுக்கே நேரடியாகத் தரும்படி நீதித்துறை நடுவர் பணிக்கலாம் என்கிறது. பழைய உறுப்பினர் கணக்கில் கணவருக்குப் பால் சொசைட்டி தர வேண்டிய பாக்கி இருக்கிறது. அதை இவருக்குத் திருப்பிவிடக் கோரும் மனு நிலுவையில் உள்ளது, வாய்தா அடுத்த மாதம். இதற்கிடையே சீராக வந்த மாட்டை மட்டும் முன்கட்டுக்கு ஓட்டி வந்து, தம் பெயரில் உறுப்பினராகச் சேர்ந்து, பாஸ்புக்கைத் தாமே வைத்திருக்கிறார். முதல் பத்து நாள் பட்டுவாடாவில் மகளின் சுற்றுலாப் பணம் அறுநூறைப் பள்ளியில் கட்டப் போனார். சுற்றுலா முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன என்று அங்கே சொன்னார்கள். அடுத்த ஆண்டுக்கு இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார்.